350 கேபிள் இணைப்பு, ஒரே சாலையில் மூன்று ஊர்: பைபர் நெட்டுக்கு எந்த ஓஎல்டி, எப்படி அமைப்பது?

வைகைக்கரை கேபிள்

வணக்கம். உசிலம்பட்டிக்கு மேற்கே அப்பா காலத்திலிருந்து கேபிள் டிவி நடத்துகிறோம். 900 இணைப்பு இருந்த இடத்தில் இன்று 350 மிச்சம். இருப்பவர்களும் “நெட் எப்ப தருவீங்க?” என்றுதான் கேட்கிறார்கள். இனியும் தள்ளிப்போட முடியாது.

கண்ட்ரோல் ரூம் இருக்கும் ஊரிலிருந்து ஒரே சாலை போகிறது. 2 கி.மீ.யில் ஓர் ஊர், 4.5-ல் அடுத்தது, 7-ல் கடைசி ஊர். முதல் இரண்டிலும் பத்துப் பன்னிரண்டு வீடுகள் உடனே எடுக்கும். கடைசி ஊர் பெரியது, பள்ளிக்கூடம், சொசைட்டி எல்லாம் உண்டு. அங்கே 25 வரை போகலாம். கண்ட்ரோல் ரூம் ஊரிலேயே தனியாக 150 கிடைக்கும்.

டீலர் ஒருவர் 8 போர்ட் ஜிபான் ஓஎல்டி (கண்ட்ரோல் ரூமிலிருந்து வீடுகளுக்குப் பைபரில் நெட் அனுப்பும் பெட்டி) வாங்கச் சொல்கிறார். இன்னொருவர், ஈபான் பாதி விலை, அதுவே போதும் என்கிறார். எதை எடுப்பது? ரவுட்டருக்கு மைக்ரோடிக் பிராண்ட் தாங்குமா? டிவியையும் அதே பைபரில் கொடுக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சோழிங்கநல்லூர் நாக்

ஓஎல்டி கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள் அண்ணே. ஓஎல்டி பிடிக்கவில்லை என்றால் ஒரே இரவில் மாற்றிவிடலாம். சாலையில் இழுத்த கேபிளை அப்படி மாற்ற முடியாது. முதலில் போஸ்ட் போஸ்ட்டாக நடந்து ஒரு வரைபடம் போடுங்கள்: எந்தப் போஸ்ட்டில் ஜாயிண்ட், எங்கே சாலையைக் கடக்கிறது, எந்தத் தெருவில் எத்தனை வீடு.

இன்னொன்று, சொந்த உரிமமா, இல்லை வேறு நிறுவனத்துக்கு ஃபிராஞ்சைஸா? அதைப் பொறுத்துத்தான் சாமான் பட்டியல். ஃபிராஞ்சைஸ் என்றால் வாடிக்கையாளரின் லாகின் அவர்களுடைய சர்வரில் முடியும். உங்களுக்கு ஓஎல்டி, ஒரு ஸ்விட்ச், மின்சாரம் போதும். சொந்த உரிமம் என்றால் ரவுட்டர், ரேடியஸ் (லாகினைச் சரிபார்க்கும் சர்வர்), லாக் சேமிப்பு எல்லாம் உங்கள் தலையில்.

வைகைக்கரை கேபிள்

முதலில் ஃபிராஞ்சைஸ்தான். பிறகு இணையச் சேவைக்கான சி வகை (சிறிய பகுதிக்கான) உரிமம் எடுக்கலாம் என்று எண்ணம்.

பரமக்குடி பைபர்

ஈபானா ஜிபானா என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டும் பான், அதாவது ஒரே பைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை. ஈபான் 2004-ல் வந்த ஐஇஇஇ தரம், மேலும் கீழும் 1 ஜிபிபிஎஸ். ஜிபான் கீழே 2.488, மேலே 1.244 ஜிபிபிஎஸ். ஒரு போர்ட்டில் 64 வீடு வைத்து எல்லோருக்கும் 100 எம்பி பிளான் விற்றால், இரவு 9 மணிக்கு ஈபான் போர்ட் மூச்சு வாங்கும். ஜிபான் தாங்கும். நாலு வருடம் முன்பு ஈபானின் விலைக்காக யோசித்திருக்கலாம். இன்று புதிதாகத் தொடங்குகிறவர் ஜிபான்தான் எடுக்க வேண்டும். பின்னால் 10 ஜி எக்ஸ்ஜிஎஸ் பான் போட்டாலும் அது வேறு அலைநீளம் (கீழே 1577, மேலே 1270 நானோமீட்டர்) என்பதால் அதே பைபர், அதே ஸ்பிளிட்டரில் (ஒரு பைபரின் வெளிச்சத்தைப் பல கால்களாகப் பிரிக்கும் சாமான்) ஓடும்.

பிராண்டைப் பற்றி ஒரு விஷயம். 2021 ஜூன் 15 முதல், உரிமம் உள்ள நிறுவனங்கள் நெட்வொர்க்கில் புதிதாக இணைக்கும் கருவிகள் ‘நம்பகமான மூலம்’ என்று மத்திய அரசு அனுமதித்தவையாக இருக்க வேண்டும். செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய சீன சேசிஸைப் பார்த்து மயங்காதீர்கள். ஃபிராஞ்சைஸ் தரும் நிறுவனத்திடம் அவர்கள் அனுமதித்த மாடல் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓஎன்யு-வுக்கும் (வீட்டில் பைபர் வந்து சேரும் பெட்டி) சேர்த்துக் கேளுங்கள்.

ஸ்பிளைசிங் பையன்

எல்லோரும் பெட்டியைப் பேசுகிறார்கள், நான் வெளிச்சத்தைப் பேசுகிறேன். நான் பார்க்கும் ஃபால்ட்டில் முக்கால்வாசி வெளிச்சக் கணக்குப் போடாமல் இழுத்த லைன்தான்.

ஓஎல்டியில் போடும் எஸ்எஃப்பி (வெளிச்சம் விடும் லேசர் மாட்யூல்) ‘பி பிளஸ்’ என்றால் 1.5 முதல் 5 டிபிஎம் (வெளிச்சத்தின் அளவு) வரை விடும், மொத்தம் 28 டிபி இழப்பைத் தாங்கும். ‘சி பிளஸ்’ என்றால் 3 முதல் 7 டிபிஎம், 32 டிபி. வீட்டு ஓஎன்யு −27 வரை பிடிக்கும் என்று அட்டையில் இருக்கும். அதை நம்பாதீர்கள். −24-க்குக் கீழே போகும் வீட்டை நான் ஒப்படைக்க மாட்டேன். மழைக்காலத்தில் ஒரு ஜாயிண்ட்டில் ஈரம் ஏறினால் மீதி 3 டிபி அங்கேயே போய்விடும்.

இழப்பு தோராயமாக: பைபர் கி.மீ.க்கு 0.25 டிபி (1490 நானோமீட்டர் அலைநீளத்தில்), நல்ல ஸ்பிளைஸ் (பைபர் ஒட்டு) 0.05 முதல் 0.1, கனெக்டர் ஒன்றுக்கு 0.3 முதல் 0.5. 1:8 ஸ்பிளிட்டர் 10.5, 1:16 என்றால் 13.8, 1:32 என்றால் 17 சொச்சம்.

உங்கள் சாலை நீளவாக்கில் இருக்கிறது. அதற்கு டேப் ஸ்பிளிட்டர் நன்றாகப் பொருந்தும். அதாவது 10:90, 20:80 மாதிரி சமமில்லாமல் பிரிப்பது. ஓஎல்டி +5 விடுவதாக வைத்துக்கொள்வோம், கனெக்டர் ஸ்பிளைஸ் எல்லாம் சேர்த்து 1 டிபி.

முதல் ஊரில் 10:90 போடுங்கள். 10 சதவீதக் காலில் 10.8 போகும், அதன்கீழ் 1:16. பைபர் இழப்பு 0.5. ஆக 5 − 0.5 − 1 − 10.8 − 13.8 = −21.1.

90 சதவீதக் கால் வெறும் 0.7 இழந்து இரண்டாவது ஊருக்குப் போகிறது. அங்கே 20:80. 20 சதவீதக் காலில் 7.5, கீழே 1:16. பைபர் 1.1. ஆக 5 − 1.1 − 1 − 0.7 − 7.5 − 13.8 = −19.1.

80 சதவீதக் கால் 1.2 இழந்து 7 கி.மீ. போய்ச் சேரும்போது நேராக 1:32 வைத்துவிடலாம். 5 − 1.75 − 1 − 0.7 − 1.2 − 17.2, அதாவது −16.9 அளவு.

16 + 16 + 32 = 64. ஒரே கோர் (கேபிளுக்குள் இருக்கும் ஓர் இழை), ஒரே பான் போர்ட்டில் மூன்று ஊரும் முடிந்தது. கடைசி ஊருக்குத்தான் வெளிச்சம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். பலர் தூரம் கூடினால் வெளிச்சம் குறையும் என்று மட்டும் நினைக்கிறார்கள். ஆளைக் கொல்வது ஸ்பிளிட்டர், தூரம் இல்லை.

திரும்பி வரும் வெளிச்சம் 1310-ல் வரும், அதற்கு கி.மீ.க்கு 0.35. 7 கி.மீ.க்கு இன்னும் 0.7 டிபி கூடும். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஈரோட்டுக்காரன்

கணக்கு சரி தம்பி, ஆனால் திட்டம் எனக்கு ஒப்பவில்லை. முதல் ஊர் தாண்டி வைக்கோல் லாரி ஒன்று கேபிளை இழுத்துக்கொண்டு போனால் இரண்டு ஊர் இருட்டு. அது எப்படிப் போட்டாலும் நடக்கும், சரி. ஆனால் முதல் ஊரில் 17-வது வீடு கேட்டால் என்ன செய்வாய்? 1:16-ஐ 1:32 ஆக்கினால் −24.5. உன் கணக்கிலேயே அது ஒப்படைக்க முடியாத வீடு. டேப்பை 20:80 ஆக்க வேண்டும், அப்போது பின்னால் இருக்கும் இரண்டு ஊரின் அளவும் மாறும். ஓர் ஊரில் கை வைத்தால் மூன்று ஊரிலும் மீட்டரோடு அலைய வேண்டும்.

நான் சொல்வது: சாலை நெடுக 24 கோர் இழு. ஊருக்கு இரண்டு கோர் ஒதுக்கு, அங்கே சாதாரண 1:8, அதன்கீழ் தெருவுக்குத் தெரு 1:8. மீதி கோர் சும்மா கிடக்கட்டும். 6 கோருக்கும் 24 கோருக்கும் விலை வித்தியாசம், கேபிள் இழுக்கும் கூலி, கிளாம்ப், போஸ்ட் வாடகை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெரிதே இல்லை. நாளைக்கு மொபைல் டவர்காரன் ஒரு கோர் வாடகைக்குக் கேட்பான், சொசைட்டி தனி லைன் கேட்கும்.

ஸ்பிளைசிங் பையன்

அண்ணே, 24 கோர் இழுக்கச் சொல்வதை நான் மறுக்கவில்லை. 24 இழுத்துவிட்டு, இன்றைக்கு ஒரு கோரில் டேப் போட்டு ஓட்டலாம் என்கிறேன். 40 வீட்டுக்காக மூன்று பான் போர்ட்டை இப்போதே சாப்பிட வேண்டுமா? ஓர் ஊர் 16-ஐத் தாண்டும் அன்று அந்த ஊரைத் தனிக் கோருக்கு மாற்றினால் போயிற்று. அரைநாள் வேலை.

ஈரோட்டுக்காரன்

அந்த அரைநாள் வேலையை எந்த ஆபரேட்டரும் செய்ததை நான் பார்த்ததில்லை. தற்காலிகம் என்று போட்டதுதான் பத்து வருடம் நிற்கும். ஆனாலும் 24 கோர் என்று ஒத்துக்கொண்டாய், எனக்கு அது போதும்.

வைகைக்கரை கேபிள்

24 கோர் இழுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். டேப்பா தனிக் கோரா என்பதை வரைபடம் போட்ட பிறகு பார்க்கிறேன். டிவியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பரமக்குடி பைபர்

தரலாம். டேட்டா 1490-லும் 1310-லும் போகிறது, டிவி 1550-ல். பான் ஈடிஎஃப்ஏ என்று ஒரு பெட்டி வரும், ஓஎல்டி வெளிச்சத்தையும் டிவி வெளிச்சத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்பும். வீட்டில் ஆர்எஃப் (டிவி) போர்ட் உள்ள ஓஎன்யு வைத்தால், பழைய செட்டாப் பாக்ஸுக்கு நேராகக் கோஆக்ஸ் (பழைய கேபிள் டிவி ஒயர்) கொடுத்துவிடலாம்.

ஆனால் மேலே தம்பி போட்ட கணக்கு டிவிக்கு அப்படியே செல்லாது. டேட்டா −21-ல் சிரித்துக்கொண்டு ஓடும். டிவி −7, −8-க்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடையத் தொடங்கும் (மாடலுக்கு மாடல் மாறும்). ஈடிஎஃப்ஏ ஒரு போர்ட்டில் +20 விட்டாலும், முதல் ஊரில் 26 டிபி இழப்பு. −6-ல் வந்து நிற்கும். விளிம்பில் நடப்பது மாதிரி. டிவியும் தருவதாக இருந்தால் அந்த ஊருக்குத் தனிக் கோர்தான், இந்த விஷயத்தில் நான் ஈரோட்டு அண்ணன் கட்சி.

இரண்டு எச்சரிக்கை. டிவி போகும் லைனில் எல்லாக் கனெக்டரும் பச்சை நிற ஏபிசியாக இருக்க வேண்டும். அதன் முனை 8 டிகிரி சாய்வு. நீல யுபிசியைப் பச்சையோடு சொருகினால் நடுவில் காற்று இடைவெளி விழும், இழப்பு ஏறும், வெளிச்சம் எதிரொலித்து டிவி கெடும், முனையும் கீறும். அடுத்து, +20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். பேட்ச் கார்டைக் கழற்றி “லைட் வருதா?” என்று கண்ணருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் கேபிள்காரர்களிடம் உண்டு. பையன்களைக் கண்டித்து வையுங்கள். மீட்டர் எதற்கு இருக்கிறது?

பில்லிங் அக்கா

நாமக்கல் பக்கம் எங்கள் வீட்டுக்காரர் லைன் பார்க்கிறார், நான் போன் எடுக்கிறேன். போன் எடுப்பவள் பார்வையில் சில விஷயம் சொல்கிறேன்.

“நெட் வரல” என்று வரும் போனில் பெரும்பாலானவை வைஃபைதான். 2.4 மட்டும் உள்ள மலிவு ஓஎன்யுவைக் கொடுத்துவிட்டு 100 எம்பி பிளான் விற்றால், அவர்கள் மொபைலில் ஸ்பீட் டெஸ்ட் போட்டு 30 காட்டுகிறது என்று சண்டைக்கு வருவார்கள். 5 கிகாஹெர்ட்ஸும் உள்ளதைக் கொடுங்கள். கூட ஆகும் பணத்தை டெபாசிட்டாக வாங்கிக்கொள்ளலாம்.

ஓஎன்யு மாட்டும் அன்றே நாலு விஷயம் எழுதி வைக்க வேண்டும்: சீரியல் நம்பர், எந்தப் பெட்டியில் எந்தக் கால், அன்றைய வெளிச்ச அளவு, வீட்டு வாசலின் போட்டோ. வெளிச்ச அளவு மிக முக்கியம். ஆறு மாதம் கழித்து −19 இருந்தது −25 ஆனால், போனில் பேசிக்கொண்டே “ஒயர் எங்கேயோ மடங்கியிருக்கு, ஆள் வருவார்” என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருப்பார்கள். ட்ராப் கேபிளில் (போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வருவது) ஜி.657 ரகம் கேட்டு வாங்குங்கள், அது வளைவைத் தாங்கும்.

ஓஎன்யுவில் வரும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றாமல் விடாதீர்கள். பணத்தை மாதம் முதல் தேதிக்கே வாங்கும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே வையுங்கள். கேபிள் மாதிரி “அடுத்த வாரம் வாங்க” என்பதற்கு இடம் கொடுத்தால், நீங்கள் மேலே பேண்ட்வித்துக்குக் கட்ட வேண்டிய தேதி காத்திருக்காது.

சோழிங்கநல்லூர் நாக்

அக்கா சொன்ன வெளிச்ச அளவை ஓஎல்டியிலிருந்தே தினமும் எடுக்கலாம். சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

இனி ரவுட்டர். இது சொந்த உரிமம் எடுத்த பிறகு வரும் கதை, இருந்தாலும் இப்போதே தெரிந்திருக்கட்டும். மைக்ரோடிக் தாங்கும். ஆனால் அதன் மென்பொருள் உரிம அளவைப் பாருங்கள்: லெவல் 4-ல் 200 பிபிபிஓஇ (வாடிக்கையாளர் லாகின் இணைப்பு), லெவல் 5-ல் 500, லெவல் 6-ல் வரம்பில்லை. அவர்களின் சிசிஆர் வரிசைப் பெட்டிகள் லெவல் 6. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வேகக் கட்டுப்பாட்டு க்யூ போட்டால் பெட்டியின் விளம்பர வேகம் கிடைக்காது. சிபியூவைப் பார்த்துக்கொண்டே வளருங்கள். பெட்டியை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் போர்ட்டை (8291) வெளி உலகத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். 2018-ல் அந்த ஓட்டை வழியாக உலகம் முழுக்க மைக்ரோடிக் பெட்டிகளுக்குள் புகுந்து கிரிப்டோ தோண்டினார்கள்.

பிபிபிஓஇ 8 பைட் தின்னும், அதனால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492. டிசிபி எம்எஸ்எஸ்ஸை (பாக்கெட்டுக்குள் டேட்டாவின் உச்ச அளவு) 1452-க்குக் கட்டுப்படுத்தும் விதியைப் போடாவிட்டால் யூடியூப் ஓடும், பேங்க் தளம் மட்டும் திறக்காது. இந்த ஒரு புகாருக்காக ஓஎன்யுவை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் ஏராளம்.

ஐபிவி4 முகவரி எல்லோருக்கும் கிடைக்காது. சிஜிநாட் (பலர் ஒரே பொது ஐபியைப் பகிர்வது) போட வேண்டும். உள்ளே 100.64.0.0/10 பயன்படுத்துங்கள், 192.168 வேண்டாம், வீட்டு ரவுட்டரோடு மோதும். ஒருவருக்கு 2000 போர்ட் என்று நிரந்தரமாக ஒதுக்கினால் ஒரு பொது ஐபியில் 32 பேர் அடங்குவார்கள். 300 பேருக்குப் பத்து ஐபி. இப்படி ஒதுக்குவதில் பெரிய நன்மை லாக்தான். ஒவ்வொரு இணைப்பையும் எழுதி வைக்காமலே, இந்த ஐபியின் இந்தப் போர்ட் யாருடையது என்று கணக்கிலிருந்தே சொல்லலாம். ஆனால் இணைப்புப் பதிவுகளை வைக்கும் கடமை அதோடு தீராது. 2021 டிசம்பரில் திருத்திய உரிம நிபந்தனைப்படி அவற்றை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், முன்பு ஒரு வருடம். போலீஸ் கடிதம் வரும் நாளில் ‘டிஸ்க் நிறைந்துவிட்டது’ என்று சொல்ல முடியாது.

ஐபிவி6-ஐ முதல் நாளிலேயே போடுங்கள். வீட்டுக்கு ஒரு /56 (முகவரித் தொகுதி) கொடுங்கள். கூகுள், மெட்டா, நெட்பிளிக்ஸ் எல்லாம் ஐபிவி6-ல் பேசுகின்றன. இரவு நேர டிராஃபிக்கில் பெரும்பகுதி சிஜிநாட் பக்கம் வராமலே போய்விடும்.

உரிமக் கட்டணம் பற்றிப் பழைய பதிவுகளை நம்ப வேண்டாம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தை ஒட்டி அந்த முறையே மாறுகிறது. விண்ணப்பிக்கும் சமயத்தில் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் பாருங்கள்.

பரமக்குடி பைபர்

ஒரு வினோத ஃபால்ட்டைச் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் ஒருநாள் வரும். ஒரு போர்ட்டில் இருக்கும் எல்லா வீடும் விட்டு விட்டு வரும், போகும். வீட்டில் வெளிச்சம் அளந்தால் அருமையாக இருக்கும். கேபிள் நன்றாக இருக்கும். ஓஎல்டியை ரீஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் ஓடும்.

காரணம் ஒரே ஓர் ஓஎன்யு. பானில் மேலே அனுப்ப ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. தன் முறை வரும்போது மட்டும்தான் லேசர் எரிய வேண்டும். இடி விழுந்தோ அடாப்டர் கெட்டோ ஓர் ஓஎன்யுவின் லேசர் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், மற்றவர் பேசுவது ஓஎல்டிக்குக் கேட்காது. சில ஓஎல்டியில் இதைக் கண்டுபிடிக்கும் வசதி உண்டு, வாங்கும்போது கேளுங்கள். இல்லையென்றால் ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு காலாகக் கழற்ற வேண்டும். கழற்றிய காலில் மீட்டரை 1310-ல் வைத்துப் பாருங்கள். ஓஎல்டி வெளிச்சம் வராத நல்ல ஓஎன்யு வாயைத் திறக்காது. எந்தக் காலிலிருந்து வெளிச்சம் நிற்காமல் வருகிறதோ அந்த வீடுதான். ஸ்பிளிட்டரை ஸ்பிளைஸ் பண்ணாமல் கனெக்டர் வகையாக வைத்திருந்தால் இது பத்து நிமிட வேலை, இல்லையென்றால் கத்தரியோடு போஸ்ட் மேல் உட்கார வேண்டியதுதான்.

வைகைக்கரை கேபிள்

இது தெரியாமல் போயிருந்தால் எத்தனை ராத்திரி போயிருக்குமோ. கரண்ட் விஷயம் கேட்க வேண்டும். எங்களுக்கு மழைக்காலத்தில் ஏழெட்டு மணி நேரம் போகும். வீட்டு இன்வெர்ட்டர் ஒன்று கண்ட்ரோல் ரூமில் இருக்கிறது, போதுமா?

ஈரோட்டுக்காரன்

இன்வெர்ட்டரை விடுங்கள். ஏசியும் 48 வோல்ட் டிசியும் எடுக்கும் ஓஎல்டியாக வாங்கி, பேட்டரியிலிருந்து நேராக டிசி கொடுங்கள். மின்வாரிய கரண்ட் போய் வரும் அந்த நொடியில் இன்வெர்ட்டர் சொடுக்கும்போதுதான் பாதி ஓஎல்டி ரீபூட் ஆகிறது. ஓஎல்டி, ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் சேர்த்து 150 வாட் என்று வைத்தால், 48 வோல்ட் 100 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பது 4800 வாட் அவர். லெட் ஆசிடில் பாதிதான் எடுக்கலாம், 16 மணி நேரம். லித்தியம் பாஸ்பேட் என்றால் 80 சதவீதம் எடுக்கலாம், 25 மணி நேரம். கையில் கொஞ்சம் குறைவாகவே வரும், ஆனாலும் ஏழெட்டு மணி தாராளம்.

எர்த் தனியாகப் போடுங்கள். பைபர் கண்ணாடிதான், இடியைக் கடத்தாது. ஆனால் அதோடு வரும் ஸ்டீல் கம்பி கடத்தும். அந்தக் கம்பியைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டி எர்த் பண்ணிவிட்டுக் கேபிளை மட்டும் உள்ளே எடுங்கள். ரேக் வரை கம்பியோடு கொண்டுவந்தவர்கள் கடையில் கருகிய வாசனை வரும்போதுதான் புரிந்துகொண்டார்கள்.

ஸ்பிளைசிங் பையன்

சாலைக் கேபிளுக்குக் கம்பியே இல்லாத ஏடிஎஸ்எஸ் ரகம் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை, மின்கம்பத்தில் போவதற்கும் அதுதான் பாதுகாப்பு. மின்வாரிய அனுமதி எழுத்தில் வாங்கிவிட்டுப் போஸ்ட்டில் ஏறுங்கள். தோப்பு ஓரமாகப் போகும் இடத்தில் மட்டும் அணிலுக்காகக் கவசம் உள்ள ரகம் போடுங்கள், மெல்லிய கேபிளை ஒரே வாரத்தில் கடித்துவிடும். கவசத்தில் ஸ்டீல் வேண்டாம், கண்ணாடி நார் வைத்தது கேளுங்கள், இல்லையென்றால் அண்ணன் சொன்ன எர்த் கதை திரும்ப வரும். சாலையைக் கடக்கும் இடத்தில் கரும்பு லாரியின் உயரம் பார்த்துக் கட்டுங்கள். ஒவ்வொரு நாலைந்து போஸ்ட்டுக்கும் 15 மீட்டர் சுருட்டி விடுங்கள், அறுந்தால் இழுத்து ஒட்ட அதுதான் உதவும்.

வைகைக்கரை கேபிள்

டீலரிடம் சி பிளஸ் எஸ்எஃப்பி விலையும் ஓஎன்யு மாடல் பட்டியலும் கேட்டிருக்கிறேன். ஓஎல்டி வந்ததும் மேஜையிலேயே ஓஎன்யுவைச் சொருகிப் பார்த்துவிட்டுப் பிறகு ரேக்கில் ஏற்றலாம் என்று இருக்கிறேன்.

ஸ்பிளைசிங் பையன்

நேராகச் சொருகாதீர்கள் அண்ணே! ஓஎன்யு −8 வரைதான் தாங்கும், சி பிளஸ் +7 வரை விடும். மூன்று மீட்டர் பேட்ச் கார்டில் நேராகக் கொடுத்தால் ஓஎன்யுவின் கண் போய்விடும். நடுவில் ஒரு 1:32 ஸ்பிளிட்டர் வைத்துச் சோதியுங்கள், எப்படியும் அது உங்களிடம் இருக்கும்.